பழைய ஹேர் பேண்டுக்குப் பட்டு நூல்

மேல்மலையனூர் அமாவாசைக்கோ மயிலம் பங்குனி உத்திரத்துக்கோ போனபோது வாங்கிய பிளாஸ்டிக் ஹேர் பேண்ட் வீட்டில் சும்மா கிடக்கிறதா? விழுப்புரத்திலோ திண்டிவனத்திலோ ஃபேன்சி கடையில் பட்டு நூலும் ஃபேப்ரிக் பசையும் கல் சங்கிலியும் வாங்குங்கள். முதலில் பேண்டை உப்புத்தாளால் லேசாகத் தேயுங்கள். வழவழப்பு போனால்தான் பசை பிடிக்கும். பலர் கோட்டை விடுவது இங்கேதான். பத்துப் பதினைந்து இழைகளைச் சேர்த்து, முறுக்கில்லாமல் நீவி, ஓர் அங்குலத்துக்கு மட்டும் பசை தடவி நெருக்கிச் சுற்றுங்கள். மொத்தமாகத் தடவினால் பாதியிலேயே காய்ந்துவிடும். மேலே ஒரு வரிசை கல் சங்கிலி. குழந்தையின் பட்டுப்பாவாடை நிறத்திலேயே நூல் எடுத்தால் அத்தனை அழகு! ராத்திரி முழுக்கக் காயவிடுங்கள். ஈரத்தலையில் மட்டும் போட்டுவிடாதீர்கள், நூல் சாயம் போய்விடும்.