தொலைபேசியில் மட்டும் வரும் அப்பா

அந்த வீடியோ கேமில் அப்பா ஒருமுறைகூட முகம் காட்டமாட்டார். தொலைபேசியில் பேசுவார், மகனின் வங்கிக் கணக்கில் பணம் போடுவார், அவ்வளவுதான். மகன் நெஸ், வீட்டைவிட்டுத் தூரம் போகப்போக, சண்டைக்கு நடுவே அம்மாவை நினைத்து அப்படியே நின்றுவிடுவான். அதற்கு வழி, வீட்டுக்குத் தொலைபேசி எடுத்து அம்மாவோடு பேசுவதே. ஊர்காவற்துறையிலோ நெடுந்தீவிலோ நயினாதீவிலோ பிறந்து, வெளிநாட்டிலிருந்த அப்பாவைக் குரலாக மட்டும் அறிந்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

‘ஏர்த்பவுண்ட்’ என்பது இதன் பெயர். ஜப்பானில் 1994 ஓகஸ்ட் 27 இல் ‘மதர் 2’ என்று வெளிவந்தது. எழுதியவர் விளம்பர வாசகங்களால் பெயர்பெற்ற ஷிகெசாட்டோ இட்டோய். வேலை இடையில் முடங்கியபோது நிரலைக் கையிலெடுத்து முடித்துக்கொடுத்தவர், பிற்காலத்தில் நின்ரெண்டோவின் தலைவரான சட்டோரு இவாட்டா. வட அமெரிக்காவுக்கு 1995 ஜூன் 5 இல் வந்தது. ‘இந்தக் கேம் நாறும்’ என்று விளம்பரம் செய்து, சுரண்டினால் மணக்கும் ஸ்ரிக்கர்களும் கொடுத்தார்கள். யாருக்கு இந்த யோசனை வந்ததோ! அமெரிக்காவில் விற்றது சுமார் 140,000 பிரதிகள்தான். ஐரோப்பாவில் அப்போது வெளியாகவே இல்லை.

அதே 1995 ஒக்டோபர் 30 இல்தான் வலிகாமம் எழுந்து நடந்தது. தீவகத்தில் 1990 இலேயே இராணுவம் இறங்கி, சனம் சிதறியிருந்தது. குடாநாட்டில் மின்சாரம் இல்லை, ரோர்ச் பற்றறி தடைசெய்யப்பட்ட பொருள், சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட காலம். ஆனால் ரொறன்ரோவில் குடியேறிய நம்மவர் பிள்ளைகளுக்கு இந்தக் கசெற் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

1999 இல் ‘சுப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ்’ விளையாட்டில் நெஸ் வந்தபிறகு, ‘யார் இந்தப் பையன்?’ என்று தேடியவர்கள் பலர். பிரதிகளோ கொஞ்சம். 2013 வரை நின்ரெண்டோ அங்கே மறுபடி வெளியிடவும் இல்லை. விலை ஏறியது. இன்று சுவிச்சில் இலகுவாக விளையாடலாம் என்றாலும், பழைய கசெற் தனியாகவே பல நூறு டொலர் போகிறது. வழிகாட்டிப் புத்தகத்தோடு வந்த பெரிய அட்டைப்பெட்டியைப் பலர் எறிந்துவிட்டார்கள். அதனால் பெட்டி, புத்தகத்தோடு முழுதாக இருந்தால் ஆயிரத்தையும் தாண்டும்.

இந்த விலைக்குப் போலியும் வரும். ‘ஐரோப்பியப் பதிப்பு’ என்று பழைய கசெற் ஒன்றைப் பாரிஸிலோ சூரிச்சிலோ யாராவது நீட்டினால் வாங்கவேண்டாம், அப்படியொன்று இருந்ததேயில்லை. கேமுக்குள்ளேயே ஒரு பொறியும் உண்டு. கள்ளப்பிரதி என்று கண்டுகொண்டால் எதிரிகளைப் பெருக்கிவிடும். அதையும் தாண்டி விளையாடினால், இறுதிச் சண்டையில் உறைந்து, சேமித்த அத்தனையையும் அழித்துவிடும்.

அசலுக்கும் ஒரு ஆபத்து உண்டு. விளையாடிய இடத்தைச் சேமித்து வைத்திருப்பது உள்ளே பற்றவைத்துள்ள காசளவு பற்றறி. முப்பது வருடத்தில் அது சாகும். அதோடு சேமிப்பும் போய்விடும். இந்தக் கேம் தொடக்கத்தில் உங்களுக்குப் பிடித்த சாப்பாடு எது என்று கேட்கும். ஆங்கில எழுத்தில் ‘பிட்டு’ என்று அடித்தால், நெஸ் வீட்டுக்கு வரும்போது அம்மா பிட்டுச் செய்து கொடுப்பாள். ஆகவே வீட்டு பேஸ்மென்ற் பெட்டியில் கசெற் கிடைத்தால், விலை கேட்கமுன், பற்றறியைக் கழற்றமுன், சேமிப்பைக் கணினிக்கு நகலெடுங்கள். அதற்கான கருவிகள் இணையத்தில் விற்பனைக்கு உண்டு. பிறகு புதுப் பற்றறி போடலாம்.