சைக்ளோ-கிராஸ் உலக சாம்பியன்ஷிப்

சைக்ளோ-கிராஸ் உலக சாம்பியன்ஷிப் என்பது ஆண்டுதோறும் குளிர்காலத்தில், பெரும்பாலும் சனவரி இறுதியிலோ பிப்ரவரித் தொடக்கத்திலோ நடைபெறும் மிதிவண்டிப் பந்தயம் ஆகும். இதனைப் பன்னாட்டு மிதிவண்டி ஒன்றியம் நடத்துகிறது.

பாதையும் விதிகளும்

ஒரு சுற்று 2.5 முதல் 3.5 கி.மீ. நீளமுடையது. சேறு, மணல், புல்மேடு, படிக்கட்டு, 40 செ.மீ. வரை உயரமுள்ள தடுப்புப் பலகைகள் ஆகியவை குறுக்கிடும். ஆண்கள் பிரிவுப் பந்தயம் ஏறத்தாழ ஒரு மணி நேரம் நீடிக்கும். சக்கரம் உருளாத இடத்தில் வீரர் இறங்கி, வண்டியைத் தோளில் சுமந்து ஓடுவார். இது தோல்வியன்று, இப்பந்தயத்தின் அடிப்படைத் திறனே இதுதான். ஐப்பசி மழையில் சேற்றுத் தெருவில் மிதிவண்டியைத் தூக்கிச் சென்றவர்களுக்கு இது எளிதில் விளங்கும்.

டயரின் அகலம் 33 மி.மீ.க்கு மேல் இருக்கக்கூடாது. அதனால் வீரர்கள் காற்றைக் குறைத்து, டயரின் பிடிப்பைக் கூட்டுகின்றனர். மிகவும் குறைத்தால் சக்கர விளிம்பு தரையில் இடிபடும். சேறு அப்பிய வண்டியை அதற்கென ஒதுக்கிய இடத்தில் மாற்றிக்கொள்ளலாம். உதவியாளர்கள் அதைக் கழுவி, அடுத்த மாற்றத்திற்கு ஆயத்தமாக வைப்பர்.

வரலாறு

முதல் போட்டி 1950இல் பாரிசில் நடந்தது. 1947ஆம் ஆண்டு டூர் டி பிரான்சு வெற்றியாளரான ழான் ரோபிக் அதில் வென்றார். பெண்கள் பிரிவு 50 ஆண்டுகள் கழித்து, 2000இல்தான் தொடங்கியது. நெதர்லாந்தின் மரியான் வோஸ் அப்பிரிவில் 8 முறை வாகை சூடியுள்ளார். 2013இல் அமெரிக்காவின் லூயிவில் நகரில், முதன்முறையாக ஐரோப்பாவுக்கு வெளியே இப்போட்டி நடந்தது. ஒகையோ ஆற்றில் வெள்ளம் பெருகியதால், இரண்டு நாள் பந்தயங்களும் ஒரே நாளில் நடத்தி முடிக்கப்பட்டன.