தேறிவிட்டதென்று மாத்திரையை நிறுத்தலாமா?

மஞ்சள் காமாலை வந்தால் கீழாநெல்லி அரைத்துக் கொடுப்பது நம் வீடுகளில் பழகிப்போன வைத்தியம். பெரும்பாலானோர் பிழைத்தும் விடுகிறார்கள். தண்ணீர், உணவு வழியே வரும் ஏ, இ வகைக் காமாலை பெரும்பாலும் சில வாரங்களில் தானே அடங்கிவிடும் என்பதுதான் காரணம். ரத்தத்தில் ஆண்டுக்கணக்கில் குடியிருக்கும் பி, சி வைரஸ்களிடம் இந்தக் கணக்கு செல்லாது.

கீழாநெல்லியை அறிவியல் அலட்சியப்படுத்தவில்லை. பி வைரஸைக் கண்டறிந்து நோபல் பரிசு பெற்ற புளும்பெர்க்குடன் சேர்ந்து சென்னையில் எஸ்.பி.தியாகராஜன் குழு அதை ஆராய்ந்தது. சாப்பிட்ட 37 பேரில் 22 பேரின் ரத்தத்திலிருந்து பி வைரஸின் அடையாளப் புரதம் மறைந்ததாக 1988இல் ‘லான்செட்’ இதழ் வெளியிட்டது. பிற இடங்களில் நடந்த ஆய்வுகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. அதை நம்பி இன்று மருந்தைத் தள்ளிப்போடுவது ஆபத்து.

பி வைரஸுக்கு டெனோஃபோவிர், என்டெகாவிர் மாத்திரைகள் இருக்கின்றன. இவை வைரஸ் பெருகுவதைத் தடுக்கும். கல்லீரல் செல்லின் கருவுக்குள் பதுங்கியிருப்பதை அகற்றாது. அதனால் பலருக்குப் பல ஆண்டுகள், சிலருக்கு வாழ்நாள் முழுக்கத் தேவைப்படும். ‘உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது’ என்று நிறுத்தியவர்களுக்கு வைரஸ் திடீரென வெடித்துக் கிளம்பி, கல்லீரலே செயலிழந்துபோனதுண்டு.

சி வகையின் கதை வேறு. 2013 இறுதியில் அமெரிக்காவில் வந்த சோஃபோஸ்புவிர் ஒரு மாத்திரை 1,000 டாலர்! அடுத்த ஆண்டே இந்திய நிறுவனங்கள் உரிமம் பெற்றன, விலை சரிந்தது. டக்லடாஸ்விருடன் சேர்த்து 12 வாரம் சாப்பிட்டால் பெரும்பாலானோருக்கு வைரஸ் முற்றிலும் ஒழிகிறது. கல்லீரல் சுருக்கம் இருந்தால் 24 வாரம் வரை நீளலாம். தொடங்குமுன் பி பரிசோதனை கட்டாயம். சி ஒழியும்போது, உறங்கிக் கிடந்த பி விழித்துக்கொள்ளக்கூடும்.

இந்த வைரஸ்களால் கல்லீரல் சுருக்கம் முற்றியவர்களின் மருந்துச்சீட்டுதான் வீட்டாரைக் குழப்புகிறது. ‘எனக்கு பிரஷரே இல்லையே, ப்ரோப்ரனோலால் எதற்கு?’ என்பார்கள். சுருங்கிய கல்லீரலுக்குள் ரத்தம் நுழைய முடியாமல் உணவுக்குழாயின் ரத்த நாளங்கள் புடைத்து நிற்கும். அவை வெடித்து ரத்த வாந்தி வராமல் காப்பதற்குத்தான் அந்த மாத்திரை. வயிற்றில் கோத்த நீரை ஸ்பைரனோலாக்டோன் இறக்கும். கூடவே ஊறுகாய், அப்பளம், கருவாட்டையும் தள்ளி வைக்க வேண்டும், இல்லையென்றால் பலன் இராது.

அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது லாக்டுலோஸ். மலச்சிக்கலுக்கான சிரப் என்று நினைத்து, ‘வயிறு போகிறது’ என்று நிறுத்திவிடுகிறார்கள். அது குடலில் உருவாகும் அம்மோனியாவை மூளைக்குப் போகவிடாமல் வெளியேற்றும் மருந்து. நாளுக்கு இரண்டு மூன்று முறை இளக்கமாகப் போக வேண்டும், அளவு அதுதான்; தண்ணீராகப் போனால் டாக்டரிடம் கேட்டுக் குறைக்கலாம். பகலெல்லாம் தூங்கி இரவெல்லாம் விழித்திருந்தாலோ, கையெழுத்து கோணலானாலோ, பேச்சு தடுமாறினாலோ அம்மோனியா மூளையை எட்டிவிட்டதன் அறிகுறி, உடனே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள். மூட்டுவலிக்கென்று கடையில் டைக்ளோஃபெனாக் வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். சிறுநீரகம் கெடும், ரத்தக்கசிவும் வரும்.

2018 ஜூலை 28இல் தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைட்டிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் பி, சி பரிசோதனையும் மருந்தும் இலவசம். வீட்டில் ஒருவருக்கு பி இருந்தால் மற்ற எல்லோரும் பரிசோதித்துக்கொள்ளுங்கள். தொற்று இல்லாதவர்கள் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள்.