விசில் ஊதினால் கோச் ஆகிவிடலாமா?



போன மாதம் நடந்த குறுவட்டப் போட்டியில் எங்கள் கோ-கோ டீம் தோற்றது எல்லாருக்கும் தெரியும். அன்றைக்கு நான் ஆடவில்லை. கணுக்கால் பிசகி நாலு நாள்தான் ஆகியிருந்தது. "வலியே இல்லை சார், ஓடிடுவேன் சார்" என்று கெஞ்சினேன். "சரி, அந்தக் காலிலேயே நின்னு பத்துத் தடவை குதி, பார்க்கலாம்" என்றார் சார். நாலாவது தடவையே என் முகம் காட்டிக் கொடுத்துவிட்டது. "போய் உட்காரு" என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டார். ஒரு வாரம் நான் அவர் முகத்தையே பார்க்கவில்லை. ஒரு கோச்சுக்கு அப்படி என்னதான் வேலை என்று அந்தக் கோபத்தில்தான் தேடிப் படித்தேன்.

படித்தால் நம்ம காஞ்சிபுரமே வந்து நிற்கிறது! துளசிமதி முருகேசன் அக்காவைத்தான் சொல்கிறேன். 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் பாட்மிண்டன் ஒற்றையர் எஸ்.யு.5 பிரிவில் வெள்ளி வாங்கியவர். கையில் குறைபாடு உள்ளவர்கள் நின்று ஆடும் பிரிவு அது. அதே போட்டியில் வெண்கலம் வாங்கிய மனிஷா ராமதாஸும் தமிழ்நாட்டுக்காரர்தான். அதற்கு முன்பு 2023 அக்டோபரில், சீனாவின் ஹாங்சோ நகரில் நடந்த ஆசிய பாரா விளையாட்டில் துளசிமதி அக்கா தங்கம், வெள்ளி, வெண்கலம் மூன்றும் வாங்கினார். அவருடைய முதல் கோச் அவருடைய அப்பாதான். சின்ன வயதிலேயே ராக்கெட் பிடிக்கச் சொல்லிக் கொடுத்தவர் அவர்.

இதில் என்ன கஷ்டம் என்று நினைக்கலாம். வலது கையால் ஆடுகிறவர் ஸ்மாஷ் அடிக்கும்போது இடது கையைக் கவனித்துப் பாருங்கள். அது மேலே நீண்டு பந்தைக் குறி பார்க்கும், உடம்பு சாயாமல் பிடிக்கும். துளசிமதி அக்காவுக்குப் பிறவியிலேயே இடது கையில் குறைபாடு. அப்போது "எல்லாரையும் போல அடி" என்று சொல்லிவிட முடியுமா? இடுப்பு, கால், நிற்கும் இடம் எல்லாவற்றையும் அந்த ஒரு பிள்ளைக்கு ஏற்றாற்போல் யோசிக்க வேண்டும். புத்தகத்தில் இருப்பதை ஒப்பிப்பது சுலபம், எதிரே நிற்கிற பிள்ளையைப் பார்த்துச் சொல்லிக் கொடுப்பதுதான் வேலை.

இதை எங்கப்பாவிடம் சொன்னேன். பட்டுத் தறியில் உட்கார்ந்தபடியே, "பழக வர்ற பையன் கை எப்படியோ அப்படித்தாம்மா நானும் சொல்லித் தருவேன். இழை அறுந்தா நானே முடிஞ்சி குடுத்துட்டா அவன் எப்பக் கத்துக்கறது?" என்றார். (ஒரு சின்னத் தகவல்: தறியில் ஓடும் நாடாவுக்கு ஆங்கிலத்தில் ஷட்டில் என்றுதான் பெயர். அது போல இப்படியும் அப்படியும் போய் வருவதால்தான் இறகுப்பந்துக்கும் ஷட்டில் என்ற பெயர் வந்தது. நம்ம ஊருக்கு ஏற்ற விளையாட்டுதான்!)

வார்ம்-அப் செய்ய வைப்பது, விதிகளைச் சொல்லித் தருவது, பாரம் பூர்த்தி செய்வது எல்லாம் நமக்குத் தெரிந்த வேலைகள். எனக்கு ஆச்சரியமாக இருந்தது வேறு. பாட்மிண்டனில் ஒருவர் 11 புள்ளி எடுத்ததும் 60 வினாடி இடைவேளை. ஒரு கேம் முடிந்தால் 120 வினாடி. மூச்சு வாங்கிக்கொண்டு வரும் பிள்ளையிடம் அதற்குள் என்ன சொல்ல முடியும்? பத்துத் தவறு கண்ணில் பட்டாலும் ஒன்றைத்தான் சொல்ல வேண்டும். எந்த ஒன்று என்று தெரிந்திருப்பதுதான் திறமை. பாரிஸ் இறுதி ஆட்டத்தில் அக்கா சீனாவின் யாங் சியூசியாவிடம் 17-21, 10-21 என்று தோற்றார். அப்படித் தோற்று வரும்போது பக்கத்தில் நிற்பதும் கோச்சுக்கு வேலைதான். பி.டி.உஷா 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் வினாடியில் நூறில் ஒரு பங்கில் வெண்கலத்தை விட்டபோது நம்பியார் சாரும் இதைச் செய்திருப்பார். 1985-இல் துரோணாச்சாரியார் விருது தொடங்கிய வருடமே அவருக்குக் கிடைத்தது. (ஏகலைவனிடம் கட்டைவிரலைக் கேட்டவர் பெயரில் கோச்சுகளுக்கு விருதா? எனக்கு இது கொஞ்சமும் பிடிக்கவில்லை.)

எனக்கு ரொம்பப் பெரிதாகத் தெரிந்தது இதுதான்: துளசிமதி அக்கா அப்பாவிடமே நின்றுவிடவில்லை. பிறகு ஹைதராபாத்தில் கோபிசந்த் அகாடமிக்குப் போய்ப் பயிற்சி எடுத்தார். தான் வளர்த்த பிள்ளையை இன்னொருவரிடம் ஒப்படைக்க மனசு வர வேண்டுமே!

இதை எழுதுவதற்காகப் போன வாரம் சாரிடம் பேசினேன். அவர் ஒரு பழைய டைரியைக் காட்டினார். எங்கள் ஒவ்வொருத்தர் பெயருக்கும் ஒரு பக்கம். என் பக்கத்தில், போட்டிக்கு நாலு நாள் முன்பு தேதி போட்டு, "வலது கணுக்கால். இரண்டாம் முறை. மூன்று வாரம் ஓட விடக்கூடாது" என்று எழுதியிருந்தது. முதல் முறை பிசகியது போன வருடம். அதை நானே மறந்துவிட்டேன். பிசகின இடமே மறுபடி மறுபடி பிசகினால் தசைநார் தளர்ந்துவிடும் என்றார்.

"அப்பவே சொல்லியிருக்கலாமே சார்?" என்று கேட்டேன்.

"நீ கேட்கிற நிலைமையிலயா இருந்தே?" என்றார்.

திங்கட்கிழமையிலிருந்து மறுபடி கிரவுண்டுக்கு வரச் சொல்லியிருக்கிறார். முதல் வாரம் நடை மட்டும்தானாம்.

— ஒரு கோ-கோ வீராங்கனை, பதினோராம் வகுப்பு