திருப்பூரில் குண்டு விழ வேண்டியதில்லை

1998 மே மாதம் 11, 13 தேதிகளில் பொக்ரானிலும், 28, 30 தேதிகளில் பாகிஸ்தானின் பலூச்சிஸ்தானத்திலும் அணுகுண்டுகள் சோதிக்கப்பட்டபோது இரு நாட்டுத் தெருக்களிலும் இனிப்பு வழங்கினார்கள். 2025 மே மாதத்தில் அதே இரு நாடுகளும் நான்கு நாட்கள் மோதிக்கொண்டன. "குண்டு விழுந்தாலும் வடக்கே விழும், நமக்கென்ன?" என்று எண்ணுவோர் நம்மில் உண்டு. திருப்பூரின் பனியன் தொழிலை அறிந்தவர்களுக்கு அந்த நிம்மதி நீடிக்காது.

ஒரு பனியனின் பயணத்தைப் பாருங்கள். குஜராத்திலும் மகாராஷ்டிரத்திலும் விளைந்த பஞ்சு, கொங்கு நாட்டு ஆலைகளில் நூலாகிறது. திருப்பூரில் நிட்டிங், சாயம், கட்டிங், தையல், அயர்ன், பேக்கிங் எனப் பல கைகள் மாறி, தூத்துக்குடியில் கப்பலேறி ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் போகிறது. தைப்பவர்களில் பலர் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்கள். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. ஒரு சுவரும் இடியவில்லை. ஆயினும் இயந்திரங்கள் நின்றன, தொழிலாளர்கள் மூட்டை கட்டிக்கொண்டு ஊர் திரும்பினார்கள். இவ்வளவு நீண்ட நூலில் எங்கே அறுந்தாலும் திருப்பூர் அசைவற்றுப் போகும்.

அணுப்போர் அறுப்பதோ எல்லா இடத்திலும். குண்டுகளால் நகரங்கள் பற்றி எரியும்போது எழும் கரும்புகை, வெயிலில் சூடேறி மழை மேகங்களுக்கும் மேலே போய்விடும். அங்கே அதைக் கழுவ மழை கிடையாது. ஆண்டுக்கணக்கில் தங்கிக் கதிரவனை மறைக்கும். பூமி குளிரும், மழை குறையும், பயிர் பொய்க்கும். 1815இல் இந்தோனேசியாவின் தம்போரா எரிமலை வெடித்ததற்கே மறு ஆண்டு ஐரோப்பாவில் கோடைகாலம் இல்லாமல் போய், விளைச்சல் கெட்டு, மக்கள் பட்டினி கிடந்தார்கள்.

2022இல் அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழக அறிவியலாளர்கள் லிலி சியா, ஆலன் ரோபாக் முதலியோர் இதைக் கணக்கிட்டு வெளியிட்டனர். இந்தியாவும் பாகிஸ்தானும் அணுப்போரில் இறங்கினால் உலகெங்கும் 200 கோடிக்கு மேற்பட்டோர் பட்டினியால் மடியக்கூடும். அமெரிக்காவும் ரஷ்யாவும் இறங்கினால் 500 கோடிக்கு மேல். இறைவன் காப்பானாக! இவர்களில் பெரும்பாலோர் குண்டின் ஓசையைக்கூடக் கேட்டிராதவர்களாக இருப்பார்கள்.

சோற்றுக்கே வழியில்லாத உலகில் பருத்தி விதைப்பவர் யார்? டீ சர்ட்டுக்கு ஆர்டர் கொடுப்பவர் யார்? பற்றாக்குறை அச்சம் ஒன்றுக்கே நம் அரசு 2022இல் கோதுமை ஏற்றுமதியையும், 2023இல் பாசுமதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதியையும் நிறுத்தியது. பஞ்ச காலத்தில் ஒவ்வொரு நாடும், ஒவ்வொரு மாநிலமும் தன் களஞ்சியத்தைப் பூட்டிக்கொள்ளும். திருப்பூரோ பனியனை விற்று அரிசி வாங்கும் ஊர். சனிக்கிழமைக் கூலியை முடிந்துகொண்டு மளிகைக் கடைக்குப் போகும் தாயின் கையில் அப்போதும் பணம் இருக்கலாம். கடையில் அரிசி இராது.