மேகத்துல தண்ணி இருக்கா? விதைக்கறதுக்கு முன்னாடி அளக்கணும்

மழை பொய்க்கிற வருஷமெல்லாம் திருப்பூர்ல ஒரு பேச்சு கிளம்பும்: "விமானத்துல போய் மருந்து தூவினா மழை வருமாமே, நம்ம ஊருக்கு ஏன் செய்யறதில்ல?" நியாயமான கேள்விதான். வால்பாறை பக்கம் சின்னக்கல்லாரில் வருஷத்துக்கு 3000 மி.மீ.க்கு மேல் கொட்டுகிறது. மழை மறைவில் இருக்கும் நமக்கு அதில் கால்வாசிகூடக் கிடைப்பதில்லை.

பதில் தேடப் போனால், முதலில் வந்து நிற்பது அளவீடு.

தண்ணீர் 0 டிகிரியில் உறைந்துதான் ஆகணும்னு இல்லை. மேகத்தில் இருக்கும் நுண்துளிகள், ஒட்டிக்கொள்ள ஒரு துகள் கிடைக்காவிட்டால், மைனஸ் 15, 20 டிகிரியிலும் திரவமாகவே மிதக்கும். இதுதான் அதிகுளிர் நீர். சில்வர் அயோடைடு துகள் ஐஸ் படிகம் மாதிரியே அமைப்பு கொண்டது. அதைத் தூவினால் துளிகள் உறைந்து, வளர்ந்து, கனமாகி விழும். ஆனால் அதிகுளிர் நீர் இல்லாத மேகத்தில் தூவுவது வீண்.

இருக்கா இல்லையான்னு எப்படித் தெரியும்? விமானத்தில் ஒரு சின்னக் கம்பியைப் பொருத்துவார்கள். அது நொடிக்கு 40,000 தடவை அதிரும். அதிகுளிர் துளி பட்டதும் உறைந்து ஒட்டும், எடை கூடி அதிர்வு குறையும். ஓரளவு சேர்ந்ததும் ஹீட்டர் உருக்கிவிடும், திரும்ப முதலிலிருந்து. தரையில் மைக்ரோவேவ் ரேடியோமீட்டர் வைப்பார்கள். நீராவியும் திரவ நீரும் தானாக வெளிவிடும் கதிர்களை அது படிக்கும். அந்த அலைவரிசைகளில் ஐஸ் கிட்டத்தட்ட எதுவுமே வெளிவிடாது. அதனால் திரவம் மட்டும் தனியாகத் தெரியும். விழுந்த பனியை அளப்பதும் லேசில்லை. காற்றடித்தால் பனித்துகள் மானியின் வாய்க்கு மேலேயே பறந்துவிடும், அதனால் சுற்றிலும் தடுப்பு கட்டணும்.

2017 குளிர்காலத்தில் அமெரிக்காவின் ஐடஹோ மலைகளில் இப்படித்தான் அளந்தார்கள். காற்றுக்குக் குறுக்கே விமானம் போய்வந்து தூவியது. ரேடாரில் அதே வளைவு நெளிவில் பனிக்கோடுகள் தெரிந்தன. இயற்கையாக விழுந்ததா, தூவியதால் விழுந்ததா என்ற பழைய சண்டைக்கு அதுதான் தெளிவான விடை. மூன்று நிகழ்வுகளில் கிடைத்தது சுமார் 70 கோடி லிட்டர்.

அதை அப்படியே நம்ம மலைக்குக் கொண்டுவர முடியாது. மழைக்காலத்தில் இங்கே உறைநிலை சுமார் 5 கி.மீ. உயரத்தில் இருக்கிறது. ஆனைமுடியே 2695 மீட்டர்தான். அதனால் புனேயின் இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் 2018, 2019-ல் சோலாப்பூரில் வேறு வழியில் போனது. அதுவும் நம்மைப் போல மழை மறைவுப் பகுதி. மேகத்தின் அடியில் கால்சியம் குளோரைடு உப்பு. எதை விதைப்பது, எதை விடுவது என்பதைக் குலுக்கல் போல முடிவு செய்தார்கள். எங்க சாப்ட்வேர் வேலையில இதுக்கு ஏ/பி டெஸ்ட்னு பேர். 276 மேகங்களை ஆராய்ந்ததில், காற்று போகும் திசையில் 100 சதுர கி.மீ. பரப்பில் சராசரியாக 18% கூடுதல் மழை. மொத்தம் 86.7 கோடி லிட்டர், லிட்டருக்கு 18 பைசா.

இப்போ நம்ம கணக்கு. திருப்பூர் ஆலைகளுக்கும் ஊருக்கும் காவிரித் தண்ணி கொண்டுவரும் திட்டத்தின் திறன் நாளுக்கு 18.5 கோடி லிட்டர். சோலாப்பூரில் ரெண்டு சீசனில் கிடைத்தது நமக்கு அஞ்சு நாளைக்குக்கூட வராது. அதுவும் குழாயில் வராது, காட்டிலும் மேட்டிலும் விழும். மானாவாரிச் சோளத்துக்கு அது உயிர்; சாயப்பட்டறைக்குப் பயன் குறைவு. வறட்சி வருஷத்தில் விதைக்கத் தகுந்த மேகமே அரிதுங்கிறது இன்னொரு சிக்கல்.

அதனால நான் எதிர்ப்பாளன் இல்லை. யாராவது திட்டத்தோட வந்தா, "எத்தனை மேகத்தை விதைக்காம விட்டு ஒப்பிடுவீங்க, எந்தக் கருவியில அளப்பீங்க?"ன்னு கேளுங்க. பதில் இருந்தா மேற்கொண்டு பேசலாம்.