'சர்' பட்டமும் தூக்குக் கயிறும் ஒரே ஆளுக்கு... தெரியுமா?

1911-இல் பிரிட்டன் ஒருவருக்கு 'சர்' பட்டம் கொடுத்துக் கொண்டாடியது. 1916-இல் அதே பிரிட்டன் அவரைத் தூக்கில் போட்டது. நடுவில் ஐந்தே வருஷம்! டப்ளின் பக்கம் பிறந்து, பிரிட்டிஷ் கான்சலாக உலகம் சுற்றிய ரோஜர் கேஸ்மென்ட்தான் அவர்.

காங்கோ அப்போது பெல்ஜிய மன்னர் லியோபோல்டின் சொந்தச் சொத்து. ஒரு நாடே ஒருவர் பெயரில்! தோட்டாவை வீணடிக்கவில்லை என்று காட்ட, சிப்பாய்கள் வெட்டிய கைகளைக் கொண்டுவந்து கணக்குக் காட்டினார்கள். 1903-இல் விசாரிக்கப் போன கேஸ்மென்ட் அரசுப் படகில் ஏறவே இல்லை. ஏறினால் அவர்கள் காட்டுவதைத்தானே பார்க்க முடியும்? மிஷனரிகளின் நீராவிப் படகை வாடகைக்குப் பிடித்தார். மறுவருஷம் அறிக்கை வெளிவந்தது. 1908-இல் காங்கோ மன்னர் கையை விட்டே போனது!

அடுத்து அமேசானில் புட்டுமாயோ. அங்கேயும் கொடுமை, அங்கேயும் விசாரணை. பெரு நாட்டின் ரப்பர் காட்டுக்குள் லண்டனுக்கு என்ன வேலை? அங்கே ரப்பர் எடுத்த கம்பெனி பதிவானது லண்டனில். கங்காணிகளில் பலர் பார்படோஸ்காரர்கள், அதாவது பிரிட்டிஷ் பிரஜைகள். அந்தச் சந்தில்தான் நுழைந்தார்! பட்டம் வந்ததும் இதற்குப் பிறகுதான்.

அப்புறம்தான் திருப்பம். வேலையை விட்டார், உலகப் போர் மூண்டதும் அயர்லாந்து விடுதலைக்கு உதவி கேட்டு ஜெர்மனிக்கே போனார். 1916 ஏப்ரலில் நீர்மூழ்கிக் கப்பலில் திரும்பினார். கரைக்கு வந்த சிறு படகு கவிழ்ந்தது. சில மணி நேரத்தில் கைது. இத்தனைக்கும் அவர் வந்தது, ஜெர்மன் உதவி போதாது, அயர்லாந்தில் திட்டமிட்டிருக்கும் கிளர்ச்சியை நிறுத்துங்கள் என்று சொல்ல!

வழக்கு இன்னும் விசித்திரம். அவர் மீது பாய்ந்தது 1351-ஆம் வருஷத்து ராஜதுரோகச் சட்டம், அதுவும் பழைய நார்மன் பிரெஞ்சில்! நாட்டுக்கு வெளியே செய்த காரியத்துக்கும் அது பொருந்துமா? வாக்கியத்தை எங்கே நிறுத்திப் படிப்பது என்பதில் இருந்தது பதில். நீதிபதிகளே ஆவணக் காப்பகத்துக்குப் போய் மூல ஏட்டைப் பார்த்தார்கள். 'ஒரு காற்புள்ளியால் தூக்கிலிடப்பட்டவர்' என்ற பேச்சு இப்படி வந்ததுதான்.

உயிர்ப்பிச்சை கேட்டவர்களில் ஷெர்லாக் ஹோம்ஸைப் படைத்த கானன் டாயிலும் உண்டு. காங்கோவில் கேஸ்மென்ட்டோடு ஒரே இடத்தில் தங்கிய எழுத்தாளர் ஜோசப் கான்ராட் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார்! கேஸ்மென்ட் ஓரினச் சேர்க்கையாளர் என்று காட்டும் நாட்குறிப்புகளை அரசு ரகசியமாகச் சுற்றுக்கு விட்டு, அனுதாபத்தைக் கரைத்தது. அசிங்கமான வேலை.

ஆகஸ்ட் 3, பென்டன்வில் சிறையில் தூக்கு. அங்கேயே புதைத்தார்கள். 1965-இல்தான் எச்சங்களை அயர்லாந்துக்குக் கொடுத்தார்கள். அதிலும் ஒரு நிபந்தனை: வட அயர்லாந்துக்குக் கொண்டுபோகக் கூடாது. அவர் அடக்கம் செய்யச் சொல்லியிருந்த மர்லோ விரிகுடா இருப்பதோ, அந்த வட அயர்லாந்தில்!